கோணற்பல்லும் கண்ணாடித் தகடும்

பல்லைப் பற்றி நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. சுவரில் ஆணி அடித்ததுபோல அது தாடை எலும்பில் இறுகப் பதிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. வேருக்கும் அது உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும் நுண்ணிய நார்கள். ஒவ்வொரு நாருக்கும் ஒரு நுனி பல்லில், மறுநுனி எலும்பில். சங்கிலி ஊஞ்சலைத் தாங்குவதுபோல இந்த நார்கள்தாம் பல்லைத் தாங்குகின்றன. சாதத்தில் கடுகளவு கல் அகப்பட்டாலும் உடனே தெரிந்துவிடுகிறதே, அந்த உணர்ச்சியில் பெரும் பங்கு இந்த நார்களுடையது.

இந்த ஊஞ்சல் ரகசியம் தெரியாமலே மனிதன் வெகு காலமாகப் பல்லை நகர்த்தி வந்திருக்கிறான். முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்ஸஸ் என்பவர் வைத்திய சாஸ்திரம் முழுவதையும் தொகுத்து எழுதினார். பால்பல் விழுவதற்கு முன்பே பக்கத்தில் நிலைப்பல் முளைத்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கிறது. பால்பல்லைப் பிடுங்கிவிட வேண்டியது. புதுப்பல் உரிய இடத்துக்கு வந்து சேரும்வரை தினந்தோறும் அதை விரலால் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியது. அவ்வளவுதான் சிகிச்சை. பல் விழுந்த குழந்தையிடம், “நாக்கை வைத்துத் துழாவாதே, எத்துப்பல் முளைக்கும்!” என்று அதட்டும் நம் வீட்டுப் பாட்டிமார்களும் செல்ஸஸின் கட்சிதான். லேசாக, ஆனால் விடாமல் தள்ளினால் பல் நகரும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

பிற்பாடு வந்த வைத்தியர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1728-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பியர் ஃபோஷார் என்பவர் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பல் வைத்தியத்தைச் சந்தைத் தெருக்காரர்களிடமிருந்து மீட்டு ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். கோணற்பல்லுக்கு அவர் சொன்ன வழி, துளைகள் போட்ட உலோகப் பட்டை ஒன்றைப் பல் வரிசையோடு வளைத்து வைத்து, ஒவ்வொரு பல்லையும் நூலால் அதனுடன் கட்டுவது. நூல் மெல்ல இழுக்க, பல் பட்டையை நோக்கி வரும். இது நல்ல யோசனை. ஆனால் அவரே இன்னொரு வழியும் வைத்திருந்தார். பெலிகன் என்ற நீர்ப்பறவையின் அலகைப் போன்ற இடுக்கி ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. அதனால் கோணற்பல்லைப் பற்றி ஒரே திருகாகத் திருகி நேராக்கிவிட்டு, மறுபடி இறுகும்வரை பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிவைப்பது! மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூல், இடுக்கி என்று ஒரே மனிதரின் பெட்டிக்குள் இரண்டு குணங்கள். அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துப் பல் வைத்தியத்தை நான் படித்த அளவில், இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறியாகத்தான் அது எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் என்று ஒருவர் இருந்தார். 1855-இல் பிறந்தவர். பல் வரிசையைச் சீர் செய்வதைத் தனி வைத்தியத் துறையாக்கியதில் முதற்பெயர் அவருடையதுதான். மேல் கடைவாய்ப்பல்லும் கீழ் கடைவாய்ப்பல்லும் எப்படிச் சந்திக்கின்றன என்பதை வைத்துக் கோணல்களை அவர் 1899-இல் மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் பல் வைத்தியக் கல்லூரிகளில் மாணவர்கள் அந்த மூன்று வகையைத்தான் முதலில் படிக்கிறார்கள். 1900-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இதற்கென்றே ஒரு பள்ளி வைத்தார். பல்லில் பொருத்திய சிறு உலோகத் துண்டின் பள்ளத்தில் நாற்சதுரக் கம்பியை நுழைத்து, பல்லை எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய சாதனத்தை 1928-இல் விவரித்து எழுதினார். இன்று நாம் “கிளிப் போட்டிருக்கிறான்” என்று சொல்கிறோமே, அதன் மூலபுருஷர் இவர்தான்.

ஆங்கிளுக்கு ஒரு பிடிவாதம். எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது. இயற்கை கொடுத்த முப்பத்திரண்டையும் வரிசையில் நிறுத்திவிட்டால் முகமும் தானே அழகாகிவிடும் என்பது அவர் மதம். மதம் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். அழகான முகத்துக்கு விதி என்ன என்று அவர் எட்மண்ட் வூர்பெல் என்ற ஓவியரிடம் போய்க் கேட்டார். அப்படி ஒரே விதி கிடையாது, முகத்துக்கு முகம் அழகு வேறு என்று ஓவியர் சொன்னார். எனக்கு ஓவியரின் கட்சிதான் பிடித்திருக்கிறது. தெற்றுப்பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் நம் ஊர்க்காரர்கள் காணும் லட்சணத்தை, எந்த அளவுகோல் வைத்திருப்பவருக்கு விளக்க முடியும்? ஆனால் ஆங்கிள் விதி தேடும் மனிதர். முழுப் பல் வரிசை என்பதையே விதியாக வைத்துக்கொண்டார்.

அவர் 1930-இல் இறந்தார். அவருடைய சீடர்களில் சார்லஸ் ட்வீட் என்பவர் அரிஜோனாவில் வைத்தியம் பார்த்து வந்தார். குருவின் வாக்கைத் தவறாமல் கடைப்பிடித்தவர். சில வருஷங்கள் கழித்துத் தாம் சிகிச்சை செய்தவர்களைத் திரும்பப் பார்க்கிறார்: பலருக்கு உதடு பிதுங்கி நிற்கிறது, நேராக்கிய பற்கள் பழையபடி கோணிக்கொண்டிருக்கின்றன. தாடையில் இடம் இல்லாத இடத்தில் எல்லாப் பற்களையும் நெருக்கி நிறுத்தியதன் பலன் இது என்று அவருக்குப் புரிந்தது. மறுபடி கூப்பிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மீண்டும் சிகிச்சை செய்தார். இப்படி நூறு பேரின் முதல் சிகிச்சையையும் இரண்டாவது சிகிச்சையையும் அருகருகே வைத்து 1940-இல் தம் கூட்டத்தார் முன் காட்டினார். குரு மறைந்து பத்து வருஷம். குருபக்தி மிகுந்தவர்கள் நிறைந்த சபை. அவர்களுடைய கோபத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல கட்டம் கிடைக்காது. தம்முடைய தோல்விகள் நூற்றையும் ஒரு மனிதர் தாமே மேஜைமேல் பரப்பிவைக்கிறார்!

இந்தச் சண்டைகளுக்கெல்லாம் முன்பே, ஸ்வீடன் தேசத்தில் கார்ல் ஸாண்ட்ஸ்டெட் என்பவர், பல் எப்படி நகர்கிறது என்ற கேள்வியை நாயிடம் கேட்டுப் பார்த்தார். நாயின் முன்பற்களுக்குக் கம்பி பூட்டிச் சுமார் மூன்று வாரம் இழுத்தார். பிறகு தாடையை மெல்லிய சீவலாக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். 1904-இல் வெளியான அந்த ஆராய்ச்சிதான் ஊஞ்சல் ரகசியத்தை உடைத்தது. பல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கத்து எலும்பு கரைந்திருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து விலகுகிறதோ அங்கே புது எலும்பு படிந்திருந்தது. அதாவது பல் எலும்பைப் பிளந்துகொண்டு போகவில்லை. எலும்பே முன்னால் கரைந்து வழிவிட்டுப் பின்னால் வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. எலும்பை அரிக்க ஒரு ஜாதி அணுக்கள், கட்ட இன்னொரு ஜாதி அணுக்கள் நம் உடம்பில் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பல் வைத்தியர் செய்வதெல்லாம் இன்ன இடத்தில் அரியுங்கள், இன்ன இடத்தில் கட்டுங்கள் என்று அவற்றுக்குச் சைகை காட்டுவதுதான்.

ஸாண்ட்ஸ்டெட் இன்னொன்றும் கண்டார். அழுத்தம் அதிகமானால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று நார்கள் செத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடுகின்றன. எலும்பை அரிக்கும் அணுக்கள் அங்கே வரவே முடியாது. சுற்றுப்பக்கமாக வந்து செத்த பகுதியை அப்புறப்படுத்தும்வரை பல் ஓர் இம்மியும் நகராது. பலமாகத் தள்ளினால் தாமதம். லேசாகத் தள்ளினால் வேகம்! 1932-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதற்குக் கணக்கே போட்டார். பல்லை நகர்த்தும் அழுத்தம், மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தத்தைத் தாண்டக் கூடாது; சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்றார். செல்ஸஸின் விரல், ஃபோஷாரின் இடுக்கியை ஜெயித்துவிட்டது.

இனிக் கண்ணாடித் தகட்டுக்கு வரலாம். கம்பி கட்டுவதில் உள்ள தொல்லை எல்லாரும் அறிந்ததே. அந்த நாளில் ஒவ்வொரு பல்லுக்கும் உலோகத்தில் ஒரு வளையம் மாட்டி, அதன்மேல் கம்பியைப் பூட்டுவார்கள். வாய் முழுதும் உலோகம். 1955-இல் பூனகோர் என்பவர் பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பசை நன்றாக ஒட்டும் என்று கண்டுபிடித்த பிறகுதான், வளையம் போய்ச் சிறு துண்டுகளை நேரே பல்லில் ஒட்டும் வழக்கம் மெல்ல வந்தது. அந்தக் கண்டுபிடிப்புத் தகட்டுக்கும் பிற்பாடு கைகொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1945-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹரால்ட் கெஸ்லிங் என்ற பல் வைத்தியர் ஒரு காரியம் செய்தார். கம்பிச் சிகிச்சை முடியும் தறுவாயில் நோயாளியின் பற்களை அச்செடுத்துச் சாந்தில் வார்த்தார். சாந்துப் பற்களைத் தனித்தனியே அறுத்து, எப்படி இருக்கவேண்டுமோ அப்படி மெழுகில் வரிசையாக நிறுத்தினார். அந்த லட்சிய வரிசைக்கு அளவாக ரப்பரில் ஓர் உறை செய்து நோயாளியைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். ரப்பரின் இழுப்பில் மிச்சம் மீதி இருந்த சிறு கோணல்கள் சரியாயின. இதோடு அவர் நின்றிருந்தால் நான் அவரைப் பற்றி எழுதவேண்டிய அவசியமில்லை. சாந்துப் பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உறை என்று வரிசையாகச் செய்துகொண்டே போனால் பெரிய கோணலையும் இப்படியே சரி செய்துவிடலாம் என்று அவர் எழுதி வைத்தார். இப்போதைக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது, வருங்காலத்தில் யாராவது வழி காணலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஏன் ஒத்துவராது? ஓர் ஆளுக்கு இருபது முப்பது கட்டம். ஒவ்வொன்றுக்கும் பல்லை அறுத்து, மெழுகில் நிறுத்தி, உறை செய்ய வேண்டும். எந்த வைத்தியரிடம் அத்தனை கைகள் இருக்கின்றன? 1964-இல் நஹூம் என்பவர் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சிச் சாந்துப் பல்லின்மேல் படியவைக்கும் முறையை விவரித்தார். 1993-இல் லூயிஸியானாவில் ஷெரிடன் மெல்லிய தெளிவான உறைகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உறை செய்வது சுலபமாயிற்று. பல்லை அறுத்து நிறுத்தும் கைவேலை அப்படியே இருந்தது.

அந்த முடிச்சு அவிழ்ந்தது பல் வைத்தியமே படிக்காத இரண்டு பேரால். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வியாபாரப் படிப்புப் படித்தவர்கள்: ஜியா சிஷ்டி, கெல்ஸி வர்த். சிஷ்டி, வயது வந்தபின் கம்பி கட்டிக்கொண்டவர். சிகிச்சை முடிந்தபின் பற்கள் நகராமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்திருந்தார்கள். சில நாள் அதைப் போட மறந்தால் பல் லேசாக நகரும். மறுபடி போட்டால் திரும்பி வரும். திரும்பக் கொண்டுவர முடிகிற உறைக்கு, புது இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாதா என்று அவர் யோசித்தார். கெஸ்லிங் கேட்ட அதே கேள்வி. ஆனால் இப்போது கம்ப்யூட்டர் இருந்தது. 1986-இல் சார்ல்ஸ் ஹல் காப்புரிமை பெற்ற, ஒளியால் திரவப் பிசினை அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தி உருவம் செய்யும் யந்திரமும் இருந்தது. 1997-இல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1998-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 1999 முதல் இன்விசலைன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அந்த ஆரம்ப நாட்களின் செய்முறை வேடிக்கையானது. நோயாளியின் பல் அச்சு தபாலில் வரும். சாந்தில் வார்த்து, அதை அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டே போய் ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பல் வரிசையின் முழு உருவத்தைப் பெறுவார்கள். (இப்போது வாய்க்குள் விடும் ஒரு கருவியே படம் பிடித்துவிடுகிறது.) கெஸ்லிங் ரம்பத்தால் அறுத்த பற்களை இங்கே கம்ப்யூட்டர்த் திரையில் அறுத்தார்கள். இந்த வேலைக்கு உட்கார்ந்திருந்த இளைஞர்கள் பலர் இருந்த இடம் பாகிஸ்தானில் லாகூர். அமெரிக்காவில் ஒருவர் சிரிப்பதற்கான வரிசையை லாகூரில் ஒருவர் நிறுத்திக்கொண்டிருந்தார். பிறகு அந்த வேலை கோஸ்டா ரிகாவுக்குப் போயிற்று.

தகட்டின் சூட்சுமம் இதுதான். பல் இப்போது இருக்கும் வடிவத்தில் தகட்டைச் செய்வதில்லை. இன்னும் கால் மில்லிமீட்டர் நகர்ந்தபின் இருக்கப்போகும் வடிவத்தில் செய்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துப் பல் வரிசையையும் யந்திரம் பிசினில் உருவாக்க, அதன்மேல் முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்தினால் தகடு தயார். வாயில் மாட்டும்போது இல்லாத வடிவத்தைப் பல்மேல் திணிப்பதால் தகடு சற்றே வளைகிறது. வளைந்தது தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தத் திரும்பும் ஆசைதான் விசை. சில நாளில் பிளாஸ்டிக் சோர்ந்துவிடும். அதற்குள் எலும்பும் வழிவிட்டிருக்கும், அடுத்த தகடு. நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்கவேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம்.

என் தங்கை மகள் ஒருத்தி இதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தீப்பெட்டி அடுக்குவதுபோல உறைகளில் எண் போட்டு வரிசையாக வைத்திருக்கிறாள். “இது பதினேழாவது, மாமா” என்று கழற்றிக் காட்டினாள். கையில் வாங்கிப் பார்த்தேன். காய்ந்த வெங்காயச் சருகின் கனம்கூட இல்லை. “வலிக்குமா?” என்றேன். “புதுசு மாட்டுற ரெண்டு நாள் கடிக்க முடியாது மாமா. அப்புறம் ஞாபகமே இருக்காது. காப்பி குடிக்கணும்னாத்தான் கஷ்டம், ஒவ்வொரு வாட்டியும் கழட்டணும்” என்றாள். நாளைக்கு ஆறு காப்பி குடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சிகிச்சை லாயக்கில்லை என்று தெரிந்துகொண்டேன். அவளுடைய பல்லில் அங்கங்கே பல் நிறத்திலேயே சிறு மொட்டுகள் ஒட்டியிருந்தன. வழுக்கும் பல்லைத் தகடு பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டுமே, அதற்காக. பூனகோர் 1955-இல் கண்ட ஒட்டு வித்தைதான் அது.

அந்த மொட்டு இருந்தும் தகட்டுக்குச் சில பற்கள் அடங்குவதில்லை. உருண்டையான கோரைப்பல்லைத் திருகுவது, பல்லை ஈறிலிருந்து கீழே இழுத்து நீட்டுவது ஆகியவை கடினம். சிகிச்சை தொடங்கும்போதே கம்ப்யூட்டர்த் திரையில் ஒரு படம் காட்டுவார்கள். கோணல் பற்கள் சினிமாவில் வருவதுபோல ஊர்ந்துவந்து வரிசையில் நிற்கும். பார்க்க மனசு மயங்கும். ஆனால் எலும்பு அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, முன்பற்களுக்குத் திரையில் போட்ட திட்டத்தில் வாயில் நிறைவேறியது சராசரி 41 சதவீதம் என்று காட்டியது. 2020-இல் எல்லாப் பற்களையும் வைத்து மறுபடி அளந்தபோது 50 சதவீதம். ஆகையால்தான் நல்ல வைத்தியர்கள் நடுவில் நிறுத்தி, மறுபடி அளவெடுத்து, புதுத் தகடு வரிசை செய்கிறார்கள். திட்டத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்று பார்க்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

அந்த மனிதரே வேண்டாம் என்ற எண்ணமும் ஒரு காலத்தில் ஓங்கியது. 2014-இல் அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற கம்பெனி தொடங்கியது. வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் தகடு தபாலில் வரும். வைத்தியர் தூரத்திலிருந்து பார்த்துச் சம்மதம் கொடுப்பார். செலவு குறைவு. கம்பிச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வழியில்லாத எத்தனையோ பேருக்கு அது ஒரு வாசல் திறந்தாற்போல இருந்தது. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அச்சில் தெரிவது பல்லின் தலை மாத்திரம். ஈறு நோயால் எலும்பு அரித்துப்போயிருக்கிறதா, வேர் குட்டையா என்பதெல்லாம் எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஏற்கெனவே எலும்பு குறைந்த பல்லை நகர்த்தினால் பல்லே ஆடிப்போகலாம். 2023 செப்டம்பரில் கம்பெனி திவாலா மனுக் கொடுத்தது. டிசம்பரில் கதவைச் சாத்தியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் வாயில் தகட்டோடு நின்றார்கள். தவணையில் வாங்கியவர்கள் பாக்கித் தவணையைக் கட்டிக்கொண்டே வரவேண்டும் என்ற அறிவிப்பு வேறு!

சிகிச்சை ஒழுங்காக முடிந்தாலும் பல் தன் பழைய இடத்தைச் சட்டென்று மறப்பதில்லை. எலும்பு சில மாதங்களில் கெட்டிப்பட்டுவிடுகிறது. பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறில் இருக்கும் நார்கள் மட்டும் இழுபட்ட நிலையிலேயே வெகுநாள் இருந்து, பல்லைப் பழைய கோணலுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கம்பியோ தகடோ எதில் சிகிச்சை செய்திருந்தாலும், இரவில் படுக்கும்போது ஓர் உறையை மாட்டிக்கொள்ளும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். எத்தனை வருஷம் என்று கேட்டால் பலர் சொல்லும் பதில், பல் இருக்கும்வரை.